பூம்பாத்திக்கு ஏற்ற போர்வை



யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே விடியற்காலையிற் கண்விழிப்பவர் முதலிற் கேட்கும் ஒலிகளுள் ஒன்று, ஈர்க்கு விளக்குமாறு முற்றத்தைக் கூட்டும் ஒலியாகும். சிறிது நேரத்தில், வளவின் மூலையிலே மாஞ்சருகும் பலாச்சருகும் பூவரசஞ் சருகும் குவிக்கப்பட்டு நெருப்பு மூட்டப்படும். புகை வேலியைக் கடந்து ஒழுங்கையிலே பரவும். கூட்டிய முற்றமும் எரித்த குப்பையும் நல்ல குடித்தனத்தின் அடையாளங்கள் என்று எண்ணி நாம் பழகிவிட்டோம். என் தாயாரும் என்னை அவ்வாறே பழக்கினார்.

அதே வளவிலே, அதே நாள் நண்பகலில், பூம்பாத்தியருகே சென்று மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காலையில் ஊற்றிய நீரின் சுவடே அங்கு இராது. மேல்மண் சுடும், விரலால் கிளறினாற் புழுதி பறக்கும். காலையில் நாம் எரித்துச் சாம்பலாக்கிய சருகே அந்த மண்ணுக்கு வேண்டியிருந்த போர்வை என்பதுதான் இன்று உங்களிடம் நான் சொல்ல வந்த செய்தியின் சாரம்.

செடியைச் சுற்றியுள்ள மண்ணை இலை, வைக்கோல், தும்பு முதலியவற்றால் மூடிவைப்பதை எமது பாடநூல்கள் பத்திரக் கலவை இடுதல் என்றும் மூடுபடை இடுதல் என்றும் கூறும். தமிழகத்தார் மூடாக்கு என்பர். மூடவேண்டும் என்பதிலே கருத்து வேறுபாடு இல்லை. எதனால் மூடுவது, எவ்வளவு மூடுவது, எப்பொழுது மூடுவது என்பவற்றிலேதான் நாம் தவறிவிடுகின்றோம். நான் விவசாயம் கற்றவனல்லன்; கலைப்பட்டதாரி; ஆசிரியத் தொழிலிலே தலை நரைத்தவன். ஆயினும் இந்த மூன்று வகையிலும் தவறிழைத்துப் பாடங் கற்றவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அதனாலேயே இப்பொருள்பற்றிப் பேசத் துணிந்தேன்.

2016 ஆம் ஆண்டின் இறுதியிலே மாரிமழை பொய்த்ததையும், 2017 ஆம் ஆண்டிலே வடக்கிலும் கிழக்கிலும் வரட்சி வாட்டியதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பொழுது நான் அதிபராயிருந்த பாடசாலையின் கிணறு, சித்திரை பிறக்கு முன்னரே அடி தெரியத் தொடங்கியது. மண்டபத்தின் முன்னால் மாணவர் வளர்த்த பூந்தோட்டம் ஒன்று இருந்தது. றோசா, செவ்வரத்தை, மல்லிகை, எக்சோறா, செவ்வந்தி என்று நாலைந்து பாத்திகள். நாள்தோறும் காலையும் மாலையும் பிள்ளைகள் வாளி வாளியாக நீர் சுமந்து ஊற்றினர். பிள்ளைகள் குடிப்பதற்கே நீர் போதாதபொழுது பூவுக்கு நீர் எதற்கு என்று ஆசிரியர் கூட்டத்திலே கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. தோட்டத்தைக் கைவிடுவதென நானும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அன்று மாலை, பாடசாலையின் முதிய தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, பூமரத்துக்குத் தண்ணி காணாமல் இல்லை. ஊத்திற தண்ணி மண்ணிலை நிக்குதில்லை. அதுதான் பிழை" என்றார். படித்த நாங்கள் ஒருவரும் கேளாத கேள்விக்கு அவர் விடை சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதன் காரணத்தைச் சிறிது விளக்குவது நன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையின் ஒரு பகுதி சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளிலே இறங்கித் தங்குகின்றது. அதனையே நாம் ஆண்டு முழுவதும் கிணற்றிலிருந்து இறைக்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கடலோரக் கிணறுகளிலே நீர் உவர்ப்பாகின்றது. எனவே இங்கு ஒரு வாளி நீரை மிச்சம் பிடிப்பதென்பது கிணற்றுக்கே செய்யும் உபகாரமாகும்.

திறந்து கிடக்கும் மண்ணை வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து உலர்த்துகின்றன. மேலே ஒரு படை இருந்தால் வெயில் மண்ணை நேரே தாக்குவதில்லை. காற்று மண்ணைத் தொடுவதில்லை. ஆகவே ஈரம் ஆவியாகும் வேகம் குறைகின்றது. வேர்கள் வெப்பத்தால் வாடுவதில்லை. பெருமழை பெய்யும்போது துளிகள் மேல்மண்ணை அடித்து இறுக்குவதும், மண்ணை இலைகளின் மீது தெறிக்கச் செய்து நோயைப் பரப்புவதும் தணிகின்றன. வெளிச்சம் கிடையாமையாற் களைவித்துகள் பல முளைப்பதில்லை. அப்படை உக்கும்போது மண்ணுக்கு உணவுமாகின்றது. இத்தனை நன்மைகளையும் செலவின்றித் தருவது நாம் எரிக்கும் குப்பை என்பதை எண்ணும்போது வெட்கமாகத்தான் இருக்கின்றது.

இனி, நான் செய்த தவறுகளைச் சொல்கின்றேன்.

முதியவரின் சொல்லைக் கேட்டு உற்சாகங் கொண்ட நான், மறுநாளே மரம் அரியும் ஆலையொன்றிலிருந்து நான்கு மூடை மரத்தூளை வருவித்தேன். பார்வைக்கு அழகாகவும் சுத்தமாகவும் இருந்தது. மண்ணோடு நன்றாகக் கலந்தால் இன்னும் நல்லது என்று நானே ஒரு விதியை வகுத்து, றோசாப் பாத்தியிலே கொத்திக் கலக்கச் செய்தேன். சில வாரங்களிலே இலைகள் வெளிறி மஞ்சளாயின. புதிய தளிர்கள் நின்றுவிட்டன. பின்னர் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் காரணத்தை விளக்கினார். மரத்தூளிலே காபன் மிக அதிகம். நைதரசன் மிகக் குறைவு. அதனை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி கிடக்கின்றது. மேலே மெல்லியதாகப் பரப்பினால் இத்தீங்கு சிறிது. மண்ணோடு கலந்தாற் பெரிது. மரத்தூளைப் பாவிக்க விரும்புவோர் அதனைப் பல மாதங்கள் மழையில் நனையவிட்டு, சாணத்தோடு உக்கவைத்த பின்னரே பாவித்தல் வேண்டும்.

இரண்டாவது தவறு இதனினும் பாரதூரமானது. பொச்சு மட்டை ஈரத்தை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும் என்பதும், அதிலே பொற்றாசியம் உண்டு என்பதும் உண்மையே. தென்னந் தோட்டங்களிலே இதனைப் புதைப்பதும் பரப்புவதும் நீண்டகால வழக்கம். நாங்களும் மட்டைகளைச் சேர்த்துச் செவ்வரத்தையைச் சுற்றி, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு, கிண்ணங்களைப் போல அழகாக அடுக்கினோம். ஊற்றிய நீர் அவற்றிலே தேங்கியது. ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு மட்டையை எடுத்து என் கண்முன்னே சரித்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அந்த 2017 ஆம் ஆண்டிலேதான் இலங்கை முழுவதிலும் 180,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சல் நோயாளராகப் பதிவாயினர் என்பதை நினைவுகூருங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூடும் முற்றத்திலே, நீரைச் சேமிப்பதாக எண்ணி நான் நோயை வளர்த்திருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மட்டையை இடுவதாயின் குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து இடுக. அல்லது சிறு துண்டுகளாக நறுக்கி இடுக. சிரட்டைகளைப் பாத்தியோரத்திலே வைக்கவே வேண்டாம்.

இவ்விரு அனுபவங்களும் எனக்கு ஒரு முறையைக் கற்பித்தன. எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இந்தச் செடிக்கு இது என்ன நன்மை செய்யும்? இது எனது வளவிலே இலகுவிற் கிடைக்குமா? இதனால் வரக்கூடிய தீமை யாது? இம்மூன்று கேள்விகளையும் துணையாகக் கொண்டு, எமக்குக் கிடைக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலிடம் இலைச்சருகுக்கே உரியது. மா, பலா போன்றவற்றின் தடித்த இலைகள் முழுதாகக் கிடந்தால் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை வழியவிட்டுவிடும். எனவே அவற்றைக் கையால் நொறுக்கியோ கத்தியால் வெட்டியோ பரப்புதல் நலம். பூவரசு, வேம்பு ஆகியவற்றின் இலைகள் விரைவில் உக்கும். நோயுற்ற றோசாவின் உதிர்ந்த இலைகளை மட்டும் சேர்க்க வேண்டாம். அவற்றிலுள்ள கரும்புள்ளி நோய் மீண்டும் செடியைப் பற்றும். பிடுங்கிய களைகளையும் விதை முற்றுமுன்னரே பயன்படுத்துக. பார்த்தீனியத்தை எக்காரணங் கொண்டும் சேர்க்கற்க. அதன் விதை தோட்டமெங்கும் பரவும். அதனைத் தொடுவோர் சிலருக்குத் தோலிலே ஒவ்வாமையும் உண்டாகும்.

வேலிகளிலே நிற்கும் சீமைக்கிளுவையின் பச்சிலை மற்றொரு செல்வம். நைதரசன் மிகுந்தது, சில வாரங்களிலேயே உக்கிவிடுவது. ஆதலால் இது செடிக்கு நல்ல உணவு, நீடித்த போர்வையாகாது. இதனைக் கீழே பரப்பி, அதன்மேலே சருகை இடுதல் சிறந்த முறை. உணவும் போர்வையும் ஒருங்கே கிடைக்கும்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் வைக்கோலுக்குக் குறைவில்லை. அது இலேசானது, காற்றோட்டம் தருவது. மல்லிகை, முல்லைப் பந்தலின் அடிக்கு ஏற்றது. ஆயின் அதில் எஞ்சிய நெல்லும் களைவித்தும் முளைக்கும். கறையானும் விரும்பி வரும். ஆகையால் வீட்டுச் சுவரையும் மரக்கதவு நிலையையும் ஒட்டிய பாத்திகளிலே வைக்கோல் இடுவதைத் தவிர்த்தல் நன்று. நெல்லுமி எளிதில் உக்காது. ஆனாற் சோளகம் வீசும்போது பறந்து முற்றத்தை நிரப்பும். நனைத்து மெல்லியதாகப் பரப்பி, மேலே சிறிது சருகிட்டால் நிற்கும்.

தென்னந்தும்பிலிருந்து உதிரும் தும்புச்சோறு தன் எடையினும் பன்மடங்கு நீரைத் தாங்கவல்லது. நாற்றுகளைச் சுற்றி இடுவதற்கு அதைப்போல் மென்மையான பொருள் அரிது. ஆயினும் உவர்நீரிலே ஊறிய மட்டையிலிருந்து பெற்றதாயின் அதில் உப்பு இருக்கும். ஏலவே உவர்நீரால் வருந்தும் எமது செடிகளுக்கு அது மேலும் துன்பம் விளைக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின்னரே பாவிக்க.

எமது மண்ணின் மரமாகிய பனையை மறத்தலாகாது. பழைய வேலியோலையையும் கூரையோலையையும் தோட்ட நிலத்திலே தாழ்த்து உரமாக்கியவர்கள் எமது முன்னோர். காவோலை மெதுவாகவே உக்கும். அதனை நாலு விரல் நீளத் துண்டுகளாக வெட்டிச் செவ்வரத்தை, நந்தியாவட்டை போன்ற பெரிய செடிகளின் அடியில் இட்டால் நெடுங்காலம் பயன்தரும். கருக்கு மட்டையை நீக்கிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் கைவிரல்கள் எமக்கு உணர்த்தின.

இனி, அழகுக்காகச் சிலர் வெண்ணிறக் கற்களைப் பரப்புகின்றனர். அவை சுண்ணக்கல்லோ முருகைக்கல்லோ ஆயின் மெல்ல மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். எமது மண் ஏலவே சுண்ணாம்பு மிகுந்தது. அத்தகைய மண்ணிலே எக்சோறாவுக்கு இரும்புச்சத்துக் கிடைப்பது அரிதாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாகும். நீர் போதாமையால் மஞ்சளித்தது என்று கருதி நாம் மேலும் நீரூற்றுவோம், பயன் விளையாது. கள்ளி வகைகளுக்கும் அடேனியம் போன்ற தடித்த தண்டுடைய செடிகளுக்கும் ஈரம் தங்கும் இலைப்படை ஆகாது. அவற்றுக்குச் சுண்ணாம்பில்லாத ஆற்றுக்கூழாங்கல் பொருந்தும். கறுப்புப் பொலித்தீனைப் பெருந்தோட்டங்களிற் பயிருக்கு இடுவதுண்டு. வீட்டுப் பூம்பாத்திக்கு அது வேண்டாம். அது மழைநீரை உள்ளே விடாது, மண்ணுக்கு உணவாகாது, ஈற்றிலே கிழிந்து துண்டு துண்டாக மண்ணிலேயே தங்கிவிடும்.

மலைநாட்டு நேயர்கள், எங்களுக்கு மழைதான் மிகுதியாயிற்றே என்று எண்ணக்கூடும். தேயிலைத் தோட்டங்களிலே குவாத்தமாலாப் புல்லையும் நிழல்மரங்களின் கிளையிலைகளையும் வெட்டி மண்ணின்மேல் இடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சரிவிலே மண் அரித்துச் செல்லாது காப்பதே அங்கு முதல் நோக்கம். உங்கள் பூம்பாத்திக்கும் அது பொருந்தும். ஆனால் படை மெல்லியதாய் இருக்கட்டும். ஈரலிப்பான இடத்திலே தடித்த படை நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் வீடாகும், வேரும் அழுகும்.

எந்தப் பொருள் என்பதை அறிந்தோம். அதனை இடும் முறையும் அத்துணை முக்கியமானது. முதலிலே களையைப் பிடுங்குக. பின்னர் மண் நன்றாக நனையும்படி நீரூற்றுக. அதன் பின்னரே மூடுக. காய்ந்த மண்ணை மூடினால், பெய்யும் சிறு தூறலையும் மூடுபடையே உறிஞ்சிக்கொள்ளும். வேருக்கு ஒன்றும் எட்டாது. எமது பகுதியிலே இதற்கு உகந்த காலம் மார்கழிக் கடைசியும் தை மாதமும் ஆகும். மழை கொடுத்த ஈரம் மண்ணில் இருக்கும்போதே மூடிவிட்டால், கோடைக்கு அதுவே முதலாகும். நாங்கள் கிணறு வற்றிய பின்னர் விழித்துக்கொண்டோம். நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

சருகும் வைக்கோலும் இரண்டு அல்லது மூன்று அங்குலத் தடிப்புக்கு இருக்கலாம். தும்புச்சோறு, உமி போன்ற நுண்ணிய பொருட்கள் ஓரங்குலத்துக்கு மேற்படலாகாது. தண்டை ஒட்டி இடாது, நாலு விரல் அளவு இடைவெளி விடுக. தண்டோடு ஈரம் ஒட்டியிருந்தாற் பட்டை அழுகும், கறையானும் ஏறும். விதை போட்ட பாத்தியை மூடற்க; நாற்று ஒரு சாண் வளர்ந்த பின்னர் மூடுக. நீரூற்றுமுன் படையை விலக்கி, விரலை மண்ணிற் புகுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். பழக்கத்தினால் நாள்தோறும் ஊற்றினால் மூடியதன் பயனே இல்லாது போகும். பெருமாரியிலே படையைச் சற்று விலக்கிவிட்டு, மழை தணிந்ததும் மீண்டும் பரப்புக. பாம்பு, பூரான் பற்றிய அச்சம் நியாயமானதே. வாசற்படியருகே தடித்த குவியல் வேண்டாம். கை வைக்குமுன் தடியாற் கிளறிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

எங்கள் பாடசாலைத் தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்று நேயர்கள் கேட்கலாம். மரத்தூள் கலந்த றோசாக்களிற் பாதி பிழைக்கவில்லை. அந்தப் பழி என்னுடையது. ஏனைய பாத்திகளைச் சீமைக்கிளுவை இலையாலும் மாஞ்சருகாலும் மூடினோம். நாளுக்கு இருமுறை ஊற்றியவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினாற் போதுமென்று கண்டோம். அதுவும் மாணவர் கைகழுவிய நீரைச் சேர்த்தே ஊற்றினோம். செவ்வரத்தையும் மல்லிகையும் அக்கோடையைத் தாண்டின. ஐப்பசி மழை வந்தபோது, அடியிலிருந்த பழைய சருகை விலக்கிப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், மண் கறுத்திருக்குது, மண்புழு வந்திருக்குது" என்று கூவி அழைத்தாள். பாடநூலிலே நான் எத்தனையோ முறை கேள்வி கேட்டுப் பெற்ற விடைகளுள் ஒன்றும் எனக்கு அத்துணை மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

வீட்டிலேதான் எனக்குச் சோதனை காத்திருந்தது. என் வீட்டுப் பூம்பாத்தியிலே சருகைப் பரப்பியதைக் கண்ட தாயார், "பள்ளிக்கூடம் நடத்திற பிள்ளையின்ரை வீட்டு வாசல் இப்பிடியோ கிடக்கிறது?" என்று கடிந்துகொண்டார். எண்பது வயதைக் கடந்தவர். கூட்டிய முற்றம் அவருக்கு வெறும் பழக்கமன்று, அவரது மானம். நான் வாதாடவில்லை. பாத்தியின் ஓரத்திலே செங்கல் வரிசையொன்றை நட்டு, சருகு முற்றத்திலே சிந்தாதவாறு செய்தேன். சில வாரங்களின் பின் ஒரு நண்பகலில், அவரே குனிந்து சருகைச் சிறிது விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில் வழக்கம்போல விளக்குமாற்றின் ஒலி கேட்டது. முற்றம் வழக்கம்போலவே சுத்தமாயிற்று. ஆனால் அன்று வளவு மூலையிலே புகை எழவில்லை. கூட்டிய சருகு கடகத்திலே நிறைந்து, மல்லிகையின் அருகே இருந்தது.

நேயர்களே, நாளைக் காலையும் நீங்கள் முற்றத்தைக் கூட்டுவீர்கள். கூட்டுங்கள். தீப்பெட்டியை எடுக்குமுன் ஒரு கணம் நின்று, உங்கள் பூம்பாத்தியை நோக்குங்கள். உங்கள் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்தச் சருகுக்குரிய இடம் எதுவென்று உங்களுக்கே விளங்கும்.

வணக்கம்.